இருமாத தெரு

எங்கள் தெரு ஆரோக்கியமான தெரு. இதை நான் சொல்லவில்லை. நான் சலூன்காரன்; ‘ஓரத்துல கொஞ்சம்தான் எடுத்தேன்’ என்று நான் சொல்லும்போதே ஆட்கள் கண்ணாடியில் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சொல்வது அரசாங்கம். தெரு முனையில் பச்சைப் பலகை நட்டு, ‘எரிசக்தி, அபாயக் கழிவு மற்றும் பொதுச் சுகாதார ஆய்வு இயக்ககம்: ஒப்பீட்டுத் தெரு’ என்று எழுதி வைத்திருக்கிறது. எதிர்த்தெருவுக்கு மஞ்சள் பலகை. அது பாதிப்புத் தெரு; அங்குள்ள நோயை எங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டு தெருவுக்கும் நடுவில் ஒரு சாலை, சாலையின் கடைசியில் ஒரு புகைபோக்கி. எங்கெங்கோ உள்ள ஆலைகள் கழித்துப்போட்ட விஷக் கசடையெல்லாம் லாரியில் கொண்டுவந்து எரித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கிறார்கள். புகைபோக்கி எங்களுக்கு எவ்வளவு தூரமோ எதிர்த்தெருவுக்கும் அவ்வளவு தூரம்தான். வித்தியாசம் காற்றில் இருந்தது. காற்று எதிர்த்தெருப் பக்கம் மட்டுமே வீசும் என்று ஆராய்ச்சி தொடங்கும்போதே இயக்ககம் தீர்மானித்து, சாலையில் வெள்ளைச் சாயத்தால் பெரிய அம்புக்குறி போட்டுவிட்டது. காற்றுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. வருடா வருடம் அம்புக்குறிக்குப் புதுச் சாயம் பூச ஆள் வருவார். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் பூசுவார்.

வாரம் ஒருமுறை இயக்ககத்திலிருந்து ஒரு பெண் வருவாள். ஒரு குழாயை வாயருகே நீட்டி ‘ஊதுங்க’ என்பாள். அதனால் தெருவில் அவளுக்கு ஊதுங்கம்மா என்று பெயர். நல்ல பெண். குழாயின் முனையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவாள். கைக்குட்டையும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஊதினால் முள் நகரும். முள் நன்றாக நகர்ந்தால் தெரு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மீட்டர்காரர் இருந்தார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. என் மனைவியைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். அவள் கொடுத்தனுப்பும் சாப்பாட்டுக்கு உப்பு பார்க்காமலேயே ‘பிரமாதம்’ என்று சொல்லும் ஒரே மனிதர். அதற்காகவே எனக்கு அவர்மேல் கொஞ்சம் காட்டம் உண்டு. மழைக்காலத்தில் இருமத் தொடங்கினார். மழை நின்ற பிறகும் அவர் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் நின்றார். தெருவே கூடி அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

அடுத்த முறை ஊதுங்கம்மா வந்தபோது என் கடை வாசலில் நின்று கேட்டாள்.

“மீட்டர் ஐயா எங்கண்ணே, வீடு பூட்டியிருக்கு?”

“தவறிட்டாரும்மா.”

அவள் மறுபடி பூட்டைப் பார்த்தாள். பிறகு ஓரமாகப் போய் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது.

“அண்ணே, உங்க தெருப் படிவத்துல அந்தக் கட்டம் கிடையாதாம்.”

“எந்தக் கட்டம்?”

“சாவு. எதிர்த்தெருவுக்கு இருக்கு. உங்களுக்கு ‘நல்லா இருக்கார்’, ‘ரொம்ப நல்லா இருக்கார்’, ரெண்டுதான்.”

கடைக்குப் பின்னால் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். “அப்போ எங்க அண்ணனை எதுல போடுவ?”

“அவரையே கேட்டுப் பாத்துத்தான்க்கா போடணும்.”

கேட்டுப் பார்க்க ஆள் உட்கார ஓர் இடம் வேண்டும் அல்லவா. என் கடையில் இரண்டு சுழல் நாற்காலிகள். ஜன்னலோர நாற்காலியைக் காட்டி, “இதுல உக்காரச் சொல்லலாமா?” என்றாள். இறந்தவருக்கு இடமில்லை என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். அவள் நாற்காலிக்கு எதிரே நின்றுகொண்டு, “இருமல் இருக்குங்களா ஐயா?” என்றாள். நாற்காலி பேசவில்லை. பதில் வராவிட்டால் இல்லை என்று கொள்ள வேண்டும் என்பது விதி. “மூச்சு வாங்குதுங்களா?” இல்லை. “தூக்கம் கெடுதுங்களா?” இல்லை. அவருக்குத் தூக்கம் கெட வாய்ப்பே இல்லை. “ரொம்ப நல்லா இருக்கார்” என்று முடித்தவள், அந்தச் சாம்பல் கைக்குட்டையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று முதல் செத்தவர் ஒருவர் என் கடைக்கு வாரம் தவறாமல் வரத் தொடங்கினார். உயிரோடு இருக்கிறவர்களே அப்படி ஒழுங்காக முடிவெட்ட வருவதில்லை.

முதலில் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் ஒருநாள் வெளியூர் ஆள் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கன்னத்தில் பாதி சோப்பு போட்டிருப்பேன், எழுந்துவிட்டார். “யாரோ மடியில உக்காந்த மாதிரி இருக்குப்பா” என்றார். பாதிச் சவரத்தோடு போய்விட்டார். நான் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய ரெக்ஸின், கிழிந்த இடத்தில் பஞ்சு. எழுந்து போனவரின் சூடு இருக்க வேண்டிய இடத்தில் ஈரம்போல ஒரு குளிர்ச்சி. நான் மற்ற நாற்காலிக்கே போய் வேலையைப் பார்த்தேன். காலையில் கடையைத் திறந்தால், கண்ணாடியைப் பார்த்தபடி நான் விட்டுப்போன ஜன்னலோர நாற்காலி சுவரைப் பார்த்தபடி இருக்கும். அந்தச் சுவரில்தான் மின்சார மீட்டர்.

“பழக்க தோஷம், பாவம்” என்றாள் என் மனைவி. அவள் அவரோடு பேசவே தொடங்கிவிட்டாள். “அண்ணே, காலைத் தூக்கிக்கோங்க, கூட்டணும்” என்பாள். அண்ணன் தூக்கிக்கொள்வார்போல, குப்பை வந்தது.

பிறகு என் மனைவிக்கு இருமல் வந்தது. அது வந்த விதம் எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் ஏற்கெனவே கேட்ட இருமல்தான். ஒருநாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். “என்னங்க, இந்தப் படியை யாராவது நடுவுல சொருகியிருக்காங்களா?” என்றாள். சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

ஊதுங்கம்மா வந்ததும் இவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். எனக்கும்தான் இருமல் உண்டு. ஆனால் நான் அதைத் தொண்டையைச் செருமுவதாக மாற்றி வைத்திருந்தேன், செருமலைப் பற்றி அவர்களிடம் கேள்வி கிடையாது. இவளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. அடுத்த வாரமே இவளை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். காரணம், பொருத்தமின்மை. ஒப்பீட்டுத் தெருவில் இருப்பவர் ஆரோக்கியமாக இருக்க வேண்டும், இவள் இல்லை, எனவே இவள் ஒப்பீட்டுத் தெருவில் இல்லை.

நீக்கப்பட்டவர்களைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, பார்த்தால் ஆய்வாளர் மனதில் சாய்வு வந்துவிடும் என்று உத்தரவாம். ஊதுங்கம்மா வந்தாள். என் மனைவி தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு நின்றாள். ஊதுங்கம்மா செம்புக்கு அந்தப் பக்கம் உள்ள சுவரைப் பார்த்து, “அண்ணே, ஊதுங்க” என்றாள்.

“ஏண்டி, நேத்து வரைக்கும் அக்கா, இன்னைக்கு ஆவியா?” என்றாள் என் மனைவி. ஊதுங்கம்மாவின் கீழுதடு நடுங்கியது. குழாயை என் வாயருகே நீட்டினாள். ஆனால் திரும்பவில்லை.

அப்போதுதான் நான் தெருவைச் சரியாகப் பார்த்தேன். வாசலுக்கு வாசல் ஆட்கள் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்கள். ஊதுங்கம்மா அவர்களுக்கு நடுவே, காலி வீதியில் போவதுபோல, யாரையும் பார்க்காமல் நடந்தாள். பூட்டிய வீடுகளின் முன்னால் மட்டும் நின்று, “ஐயா, நல்லா இருக்கீங்களா? அம்மா, சௌக்கியமா?” என்று விசாரித்தாள். எங்கள் தெருவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், இயக்ககம் யாரைக் கண்டுகொள்வதில்லை என்று பார்த்தால் போதும்.

வேறு ஆஸ்பத்திரி இல்லையா என்றால், உண்டு. விலாசத்தைச் சொன்னதும் அங்கே டாக்டர் சிரித்தார். “உங்க தெருவுல இருமல் கிடையாதேய்யா” என்று இனிப்பாக ஒரு மருந்து பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார். மூச்சுக்கு ஆக்சிஜன் தரும் வார்டு இயக்ககத்திடம் மட்டும்தான் இருந்தது. அங்கே எதிர்த்தெருக்காரர்களுக்கு வைத்தியம் உண்டு, ஆனால் அளவாக. முழுசாகக் குணமாகிவிட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும். எங்கள் தெருக்காரர்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை, ஆளுக்கொரு படுக்கை, பெயர் எழுதி. நீக்கப்பட்டவர்களுக்கு ஒன்றுமில்லை.

நான் இயக்குநரைப் பார்க்கப் போனேன். அறை நல்ல குளிர்ச்சி. ஜன்னல்களை ஆணியடித்து மூடி, அதன்மேல் நீல வானம் படம் ஒட்டியிருந்தார்கள். இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். பச்சைப் பலகைக்காரன் என்றால் அங்கே அவ்வளவு மரியாதை.

“வாங்க வாங்க. உங்க தெருவை நம்பித்தான் இந்த இயக்ககமே நிக்குது.”

“ஐயா, என் மனைவி இருமுறா.”

“அது இருமல் இல்லை. தரவுப் பிழை.”

“ராத்திரியெல்லாம் பிழை வருதுங்க ஐயா. படுக்க முடியல.”

அவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நீங்க புரிஞ்சுக்கணும். எதிர்த்தெருவுல எவ்வளவு நோய்னு எப்படித் தெரியும்? உங்களோட ஒப்பிட்டாத்தான் தெரியும். நீங்களும் இருமினா ரெண்டு தெருவும் ஒண்ணாயிடும். ரெண்டும் ஒண்ணுன்னா வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லைன்னா புகையால பாதிப்பே இல்லைன்னு ஆயிடும். உங்க மனைவி ஒவ்வொரு தடவை இருமும்போதும் அந்தப் புகைபோக்கிக்கு நற்சான்றிதழ் கொடுக்கறாங்க. இதை அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க.”

“அதை மூடிட்டா இருமல் நின்னுடும்ல ஐயா?”

“மூடிட்டா எதை ஆராய்றது?” என்றார் பொறுமையாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்க பக்கத்து வீட்டு மீட்டர்காரரைப் பாருங்க. எவ்வளவு நாளாச்சு, ஒரு தும்மல் இருக்கா? ஒரு புகார் இருக்கா? எங்க ஆராய்ச்சியிலேயே அவர் மாதிரி ஆரோக்கியமான மனுஷன் கிடையாது. எல்லாரும் அவரை மாதிரி ஆயிட்டா எங்க வேலை எவ்வளவு சுலபம்.”

சொல்லிவிட்டு இருமினார். “ஏசி” என்றார்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னேன். மனைவி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நீலம் பாய்ந்திருந்தது. “அந்தாளு முடி வெட்ட வந்தா காதையும் சேர்த்து வெட்டுங்க” என்றாள். அவ்வளவு சொல்வதற்குள் நாலு இடத்தில் நின்றாள்.

சில நாளில் மீட்டர்காரரின் வருடாந்திரப் பரிசோதனைக்கு வண்டி வரும் என்று தகவல் வந்தது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வண்டி வரும், பரிசோதனை நடக்கும். காலையில் நான் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து ஜன்னலோர நாற்காலியின் முன்னால் நின்றாள்.

“அண்ணே, உங்க படுக்கை அங்க சும்மாதான கிடக்கு. நான் போயிட்டு வரட்டுமா? கோவிச்சுக்காதீங்க.”

சுவரைப் பார்த்திருந்த நாற்காலி மெல்லத் திரும்பி அவள் பக்கம் வந்து நின்றது. பஸ்ஸில் இடம் கொடுக்க எழுகிறவர் நகர்ந்துகொள்வதைப் போல இருந்தது. காற்றாக இருக்கலாம். அன்று காற்று எங்கள் பக்கம்தான் வீசியது; வழக்கம்போல.

அவள் உட்கார்ந்தாள். வண்டி வந்தது. ஊதுங்கம்மா இறங்கி உள்ளே வந்து நின்றாள். நாற்காலியில் இருக்கும் என் மனைவியை அவள் பார்க்கக்கூடாது, அது உத்தரவு. நாற்காலியில் இருக்கும் மீட்டர்காரரைப் பார்த்தாக வேண்டும், அதுவும் உத்தரவு. கைக்குட்டையை எடுத்தாள், மடித்து உள்ளே வைத்தாள். பிறகு, எத்தனையோ வாரங்களுக்கு அப்புறம், என் மனைவியின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“மீட்டர் ஐயா, போலாமா? மெதுவா எழுந்திரிங்க. என் தோளைப் பிடிச்சுக்கோங்க” என்றாள்.

பரிசோதனையின்போது ஒப்பீட்டுத் தெருக்காரர்கள் ஊர்க் காற்றைச் சுவாசித்தால் அளவு கெடும் என்று, படுக்கையில் போட்டதுமே ஆக்சிஜன் முகமூடி மாட்டிவிடுவார்களாம். சுத்தமான தெருவின் சுத்தத்தைக் காப்பாற்றத்தான். என் மனைவி முழு மூச்சு விட்டாள் என்று ஊதுங்கம்மா வந்து சொன்னபோது, நான் ஒருவர் தலையில் தேவைக்கு மேல் வெட்டிவிட்டேன். அவரிடம் காசு வாங்கவில்லை.

பரிசோதனை நீண்டுகொண்டே போனது. அளவு நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு விட மனமில்லை. மீட்டர்காரருக்கு நான் உறவினன் இல்லை என்பதால் உள்ளே விட மறுத்தார்கள். பிறகு ஒருநாள் அவர்களே ஆள் அனுப்பினார்கள். மேலிடத்திலிருந்து குழு வருகிறது, மீட்டர்காரரைக் காட்டப் போகிறார்கள், அவருக்குச் சவரம் செய்ய வேண்டும். படுக்கைப் பலகையில் ஆண் என்று எழுதியிருந்ததால் நர்ஸ் விடாப்பிடியாக இருந்தாள்.

பெட்டியோடு போனேன். முகமூடியைச் சற்று விலக்கி, என் மனைவியின் கன்னத்தில் சோப்பு நுரை பூசினேன். கத்தியை மடக்கி அதன் முதுகால் மெல்ல வழித்தேன். இத்தனை வருடத்தில் அவள் முகத்தை அவ்வளவு நேரம் தொட்டுப் பார்த்ததில்லை. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

“கிருதாவை எடுத்துடாதீங்க” என்று முணுமுணுத்தாள்.

“பேசாத. கீறிடும்.”

“வீட்ல அண்ணன் எப்படி இருக்காரு?”

பதில் சொல்வதற்குள் குழு வந்துவிட்டது. இயக்குநர் முன்னால், அவருக்குப் பின்னால் ஊதுங்கம்மா, நடுவில் மேலிடத்து அம்மையார் ஒருவர். நான் துண்டும் கையுமாகச் சுவரோரம் ஒதுங்கினேன்.

“இவர்தான்” என்றார் இயக்குநர். “நாட்டிலேயே ஆரோக்கியமான மனிதர். புகைபோக்கி இருந்தும் இப்படி வாழ முடியும்ங்கறதுக்கு இவரே சாட்சி.”

அம்மையார் என் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். “இவ்வளவு நல்லா இருக்கறவருக்கு முகமூடி எதுக்கு? கழட்டுங்க.”

கழற்றினார்கள். என் மனைவியின் நெஞ்சு குழிந்து எழும்பியது. தொண்டைவரை வந்த இருமலை அவள் பல்லைக் கடித்து நிறுத்தியது எனக்குத் தெரிந்தது; கழுத்து நரம்பு கயிறு மாதிரி நின்றது. ஒரு இருமல் போதும், மீட்டர்காரரும் நீக்கப்பட்டுவிடுவார், படுக்கை போய்விடும்.

“மூச்சு வாங்குதா?” என்று கேட்டார் அம்மையார்.

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. பதில் வரவில்லை.

“இல்லை” என்று மகிழ்ச்சியோடு சொன்னார் இயக்குநர்.

“அப்போ வீட்டுக்கு அனுப்பிடுங்க. எதுக்கு வீண் செலவு?”

என் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. இருமியிருந்தாலும் வீடு, இருமாவிட்டாலும் வீடு. அப்போது ஊதுங்கம்மா முன்னால் வந்தாள். குரல் எழும்பவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

“வீட்டுக்கு அனுப்ப முடியாதுங்கம்மா. மீட்டர் ஐயா செத்துப்போயிட்டாரு. நான்தான் வாராவாரம் காலி நாற்காலியைக் கேட்டுட்டு வரேன்.”

அம்மையார் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநரின் நெற்றியில் வியர்வை. ஆனால் அவர் அந்தப் பதவிக்குச் சும்மா வந்தவர் இல்லை.

“பாத்தீங்களாம்மா, எங்க ஊழியர் வரைக்கும் இந்த வதந்தி வந்துடுச்சு. இவரை வீட்டுக்கு விட்டா ஜனங்க என்ன சொல்லுவாங்க? செத்துட்டார்னு சொல்லுவாங்க. தெருவுக்குள்ள இருந்தா யார் வேணாலும் சாகலாம், எங்க கட்டுப்பாட்டுல இல்லை. இங்க எங்க கண்ணெதிரே இருக்கற வரைக்கும்தான் இவர் உயிரோட இருக்கார்ங்கறதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியும். இவரை வெளிய விடவே கூடாது. முகமூடியை மாட்டுங்க.”

“அதுவும் சரிதான்” என்றார் அம்மையார்.

மாட்டினார்கள். கண்ணாடிபோன்ற அந்த முகமூடிக்குள் என் மனைவி ஒரு நீண்ட மூச்சை இழுத்தாள். முகமூடியில் ஆவி படிந்தது, விலகியது. ஊதுங்கம்மாவை அன்றைக்கே எதிர்த்தெருவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே அந்தக் கட்டம் இருப்பதால், செத்தவரைச் செத்தவர் என்று சொல்வது அங்கே குற்றமில்லை.

வெளியே வந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. சாலையின் வெள்ளை அம்புக்குறியை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அவள் இருக்கிறாள், மூச்சு விடுகிறாள். வாரம் ஒருமுறை சவரம் என்ற பேரில் போய்ப் பார்க்கலாம். இனி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட மட்டும் முடியாது.

கடையைத் திறக்க மனம் வரவில்லை. வீட்டு வழியாகக் கடைக்குள் போய் ஜன்னலோர நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் ரெக்ஸின், வெயிலில் சூடாகியிருந்தது. அதில் யாருமில்லை. கடையில் அந்த மாதிரி ஒரு வெறுமையை நான் அதற்கு முன்னால் உணர்ந்ததில்லை. அவர் இடத்துக்கு இவள் போய்விட்டாள். அவர் எங்கே போவார்?

அப்போதுதான் உள்ளே இருமல் கேட்டது.

என் மனைவி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அறையிலிருந்து வந்தது. ஆண்பிள்ளை இருமல். இத்தனை நாளாக வாரம் தவறாமல் ‘இல்லை, இல்லை’ என்று எழுதிக்கொள்ளப்பட்ட அத்தனையும் சேர்ந்து வருவதுபோல, அடியிலிருந்து, நிற்காமல் வந்தது. கதவோரம் போய் நின்றேன். தலையணை நடுவில் குழிந்திருந்தது.

தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். இருமல் சட்டென்று அடங்கியது, கையும் களவுமாகப் பிடிபட்டவர் அடக்கிக்கொள்வதுபோல.

“அடக்காதீங்கண்ணே” என்றேன். “இது நீக்கப்பட்டவங்க இடம். யாரும் கேட்க வரமாட்டாங்க. நீங்க நல்லா இருமுங்க.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடி தொடங்கினார். நானும் செருமுவதை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து இருமினேன்.